நிற்பதன் களைப்பு

வணக்கம் ஐயா,

உங்கள் காது நோயைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன். நான் கணித ஆசிரியை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது அறையே சுழன்றது. இரண்டு நாள் ஓயாத வாந்தி. ஒரு பக்கத்துச் சமநிலை நரம்பில் அழற்சி, சில வாரங்களில் சரியாகிவிடும் என்றார்கள். சுழற்சி நின்றுவிட்டது. நான் மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. நிற்கும்போதெல்லாம் தரை லேசாக மிதக்கிறது. கரும்பலகையில் எழுதிவிட்டுச் சட்டென்று திரும்பினால் வகுப்பறை ஒரு கணம் தாமதமாக வந்து நிற்கிறது. உயரமான அடுக்குகள் வரிசையாக நிற்கும் கடைகள், நகரும் படிக்கட்டு, கூட்டம் எதையும் தாங்க முடியவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தால் பேசக்கூடத் தெம்பிருப்பதில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். "ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லையே, நீதான் நினைத்து நினைத்துப் பெரிதாக்கிக்கொள்கிறாய்" என்கிறார் என் கணவர். நல்ல மனிதர்தான், ஆனாலும் அந்தச் சொல் தைக்கிறது. கடைசியாகப் பார்த்த மருத்துவர் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். சீட்டை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். வாங்கினால் கணவர் சொன்னது சரி என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

துணிச்சல்காரி என்று பெயரெடுத்தவள் நான். இன்று படியிறங்கவே பயப்படுகிறேன். கோழையாகிவிட்டேனா? வேலையை விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது. மாணவர்களிடம் இதைச் சொல்லலாமா?

ச.

*

அன்புள்ள ச.,

நீங்கள் கோழையாகவில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. நான் மருத்துவன் அல்ல; மெனியர் என்ற உள்காது நோயோடு நெடுங்காலமாக வாழ்பவன், அதனால் இதைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தவன். அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகையிலிருந்து திரும்பும் அந்த ஒரு கணத்திலிருந்தே தொடங்குகிறேன். உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றுக்குள் இருக்கும் திரவம் பின்தங்குகிறது. நுண்ணிய மயிர்ச்செல்கள் அதை உணர்ந்து நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன. அங்கிருந்து கண் தசைகளுக்கு உத்தரவு போகிறது. தலை வலப்பக்கம் திரும்பிய அதே வேகத்தில் கண்கள் இடப்பக்கம் நகர்ந்து காட்சியை அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. இந்த எதிர்வினை ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குக்குள் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் உலகம் அசையாமல் நிற்பதாக எல்லாரும் நம்புகிறார்கள். ஒரு பக்கத்து நரம்பு நலிந்தவர் சட்டென்று திரும்பினால் கண் பின்தங்கும், காட்சி வழுக்கும். நீங்கள் கண்டது கற்பனை அல்ல.

1952இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு மருத்துவர் தன் கதையை எழுதினார். காசநோய்க்காக அவருக்குக் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் இரண்டு காதுகளின் சமநிலை உறுப்புகளையும் அழித்துவிட்டது. படுத்துக்கொண்டு படிக்கும்போதுகூட அவருக்கு எழுத்துகள் துள்ளின. நாடித்துடிப்பால் தலை அசையும் அந்தச் சிறிய அசைவையும் ஈடுகட்ட அவர் உடலில் எதுவும் இல்லை. கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கிடையே தலையை அழுத்தி வைத்துக்கொண்டு அவர் படித்தார். உங்களுடையது அவ்வளவு கடுமையானதல்ல. ஆனாலும் இந்த உறுப்பு ஒவ்வொருவருக்கும் ஓசையின்றிச் செய்துதரும் வேலை எவ்வளவு பெரியது என்பதை அந்தக் கம்பிகளைப் போல வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை.

அந்த வேலையை இப்போது நீங்கள் விழிப்போடு செய்துகொண்டிருக்கிறீர்கள். மாலை நேரத்துக் களைப்புக்குக் காரணம் இதுதான். உடல் நிலையாக நிற்க மூன்று செய்திகள் தேவை: உள்காது சொல்வது, கண் சொல்வது, பாதமும் மூட்டும் தசையும் சொல்வது. முதலாவது நம்பகமற்றுப் போனதும் மூளை கண்ணைப் பற்றிக்கொள்கிறது. கண்ணை நம்பி நிற்பவருக்கு அடுக்கடுக்கான பொருட்களும் நகரும் கூட்டமும் எதிரிகளாகிவிடுகின்றன, ஏனென்றால் அங்கே கண்ணுக்குப் பிடிமானமே கிடைப்பதில்லை. முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் உங்கள் கை தானாகச் சுவரைத் தேடும் என்று நினைக்கிறேன். எனக்குத் தேடும். நிற்பது, நடப்பது, திரும்புவது ஆகிய எதற்கும் மற்றவர்கள் கவனத்தில் ஒரு துளிகூடச் செலவிடுவதில்லை. நீங்கள் காலை முதல் மாலை வரை செலவிடுகிறீர்கள், அதோடு அல்ஜீப்ராவும் நடத்துகிறீர்கள். பேச்சின் நடுவே சொல் மறந்து போவதும், நடந்துகொண்டே பேச முடியாமல் நின்றுவிடுவதும், சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவதும் இந்த நோயில் சாதாரணம். அறிவு மங்கவில்லை, கவனம் வேறெங்கோ வேலையாக இருக்கிறது.

பயத்துக்கு வருகிறேன். சமநிலைச் செய்திகள் போய்ச் சேரும் மூளைத்தண்டுப் பகுதிகள், இதயத்துடிப்பையும் வியர்வையையும் குமட்டலையும் அச்சத்தையும் இயக்கும் பகுதிகளோடு நெருங்கிப் பின்னியவை. விழப்போகிறோம் என்ற செய்தி வந்தால் அஞ்ச வேண்டும் என்பதே உடலின் ஏற்பாடு. அது இல்லாவிட்டால் மனித இனம் மரக்கிளையிலேயே முடிந்திருக்கும். உங்களுக்கு அந்தச் செய்தி நாளெல்லாம் பொய்யாக வந்துகொண்டிருக்கிறது. படிக்கட்டின் முன் நெஞ்சு படபடப்பதற்கும் உங்கள் குணத்துக்கும் தொடர்பில்லை. படபடத்தபடியே மூன்று ஆண்டுகள் பள்ளிக்குப் போய்வந்திருக்கிறீர்களே, துணிச்சல்காரி என்ற பெயரை யாரும் உங்களிடமிருந்து எடுத்துவிடவில்லை.

எம்.ஆர்.ஐ. பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டியோ பக்கவாதமோ இல்லை என்று அது சொல்கிறது, அது பெரிய நிம்மதி. சமநிலை உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை அது காட்டாது. அதற்கு வேறு சோதனைகள் இருக்கின்றன: காதில் வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் விட்டுக் கண்ணசைவைப் பார்ப்பது, தலையைச் சட்டென்று திருப்பிக் கண்ணின் வேகத்தைப் பதிவு செய்வது. செய்திருக்காவிட்டால் கேளுங்கள். இன்னொன்று, இடையில் சொல்லிவிடுகிறேன்: என்றாவது தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் ஒரு பக்கம் வலுவிழந்தாலோ, இது பழைய நோய்தான் என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நம்பப்படாத துயரம் இந்த நோய்க்குப் புதிதல்ல. பாரிஸில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த புரோஸ்பர் மெனியர், இப்படிப்பட்ட தலைசுற்றலுக்குக் காரணம் மூளையல்ல, உள்காது என்று 1861இல் அறிவித்தார். அதுவரை மூளையில் இரத்தம் தேங்கிவிட்டது என்று சொல்லி நோயாளிகளின் உடலிலிருந்து இரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னதை உடனே ஏற்றுக்கொண்டவர்கள் குறைவு. மறு ஆண்டே இறந்துபோனார். நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது பிறகுதான். காதில் நீர் விடும் சோதனையை வகுத்த வியன்னா மருத்துவர் ராபர்ட் பாராணிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யப் போர்க்கைதி முகாமில் இருந்தார். அவர் பெயரால் இயங்கும் பாராணி சங்கம் 2017இல்தான், நீங்கள் எழுதியிருப்பதைப் போன்ற ஒரு நிலைக்குத் தெளிவான வரையறை கொடுத்தது. மூன்று மாதங்களோ அதற்கு மேலோ பெரும்பாலான நாட்களில் தள்ளாட்டமோ சுழலாத தலைசுற்றலோ இருக்கும். நிற்கும்போதும் நகரும்போதும் கண்முன் அசைவும் அடுக்கும் நிறைந்திருக்கும்போதும் அது கூடும். பெரும்பாலும் சமநிலை நரம்பு அழற்சி போன்ற ஒன்றுக்குப் பின்னால் தொடங்கும். காயம் ஆறிய பிறகும் மூளை தன் எச்சரிக்கை நிலையிலிருந்து இறங்க மறுக்கிறது. மருத்துவர்கள் இதை 'பெர்சிஸ்டென்ட் போஸ்சுரல் பெர்செப்சுவல் டிஸினெஸ்', சுருக்கமாக 'பி.பி.பி.டி.' என்பார்கள். உங்களுக்கு அதுதானா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பையில் மடித்து வைத்திருக்கும் சீட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வழியாக வேலை செய்யும் அந்த வகை மாத்திரைகள் மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் இந்த நிலைக்காகத் தரப்படுகின்றன. எதற்காக எழுதினீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். மனச்சோர்வுக்காகத்தான் என்று சொன்னால் அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று ஆண்டுகள் தரை மிதந்தால் மனம் சோராமல் என்ன செய்யும்? நீடித்த தலைசுற்றல் உள்ளவர்களிடம் பதற்றமும் சோர்வும் மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவர்கள் நன்கறிந்தது. காதிலிருந்து மனதுக்கும் மனதிலிருந்து காதுக்கும் போய்வரும் இந்தச் சுழலை எந்தப் பக்கத்திலிருந்து அறுத்தாலும் லாபம்தான். கணவரோடு நடக்கும் வழக்கில் சாட்சியாக அந்த மாத்திரையை ஆக்காதீர்கள்.

நான் அதைவிட வலியுறுத்த நினைப்பது பயிற்சியை. 1940களில் இங்கிலாந்தில் காது மருத்துவர் கௌதோர்னும் உடலியக்க மருத்துவர் குக்ஸியும் தலையில் அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தபோது, அசையாமல் படுத்திருந்தவர்களைவிடத் தலையை அசைத்து நடமாடியவர்கள் விரைவில் தேறியதைக் கண்டார்கள். கண்ணை அசைப்பது, தலையைத் திருப்புவது, பந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவது, கண்ணை மூடி நடப்பது என்று படிப்படியாக வகுத்தார்கள். இன்றைய சமநிலைப் பயிற்சிகளுக்கு அதுவே வேர். தலைசுற்றல் வரும் என்று தலையை விறைப்பாக வைத்துக்கொண்டால் மூளைக்குக் கற்றுக்கொள்ளப் பாடமே கிடைப்பதில்லை. தலைசுற்றலை அடக்கும் சின்னரிசின் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினாலும் இதே நிலைதான்; முதல் சில நாட்களின் வாந்திக்கு அவை வரம், அதற்கு மேல் தேறுவதைத் தாமதப்படுத்தும். பயிற்சியைத் தொடங்கியதும் தலைசுற்றல் சற்றுக் கூடும். பலரும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். இதில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரைத் தேடுங்கள், எந்த அளவுக்குக் கூடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவர் சொல்வார்.

உங்கள் கணவர் ஒரு பரிசோதனைக்கு ஒப்புவாரா? தடித்த மெத்தையின்மேல் வெறுங்காலோடு, பாதங்களைச் சேர்த்து, கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். மெத்தை பாதத்தின் செய்தியைக் குழப்பிவிடும், கண்ணும் மூடியிருக்கும், அவர் நிற்பது உள்காதின் தயவால் மட்டுமே. அந்த நிலையில் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லுங்கள். எந்தப் பெருக்கலில் தடுமாறுகிறார் என்று பாருங்கள். வாதாடிப் புரியவைக்க முடியாததைக் கணுக்கால் புரியவைத்துவிடும் என்பது என் அனுபவம். அடுத்த முறை மருத்துவரிடம் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் சொன்ன சொல்லுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற தவிப்பாகத்தான் இருக்கும். அவருக்குச் செய்ய ஒரு வேலை கொடுங்கள். கடைக்கு அவர் போகட்டும். கூட்டத்தில் உங்களுக்கு அரை அடி முன்னால் நடக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றும் இருந்தது. பழைய உங்களை இழந்த துக்கம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. எனக்கு வருவது இடைவெளி விட்டு வரும் தாக்குதல். காதுக்குள் அடைப்பும் இரைச்சலும் ஏறி, பிறகு மணிக்கணக்கில் சுழலும். மற்ற நாட்களில் நடமாடுவேன். ஆனால் எந்த அழைப்பையும் முழு மனதோடு ஏற்க முடிவதில்லை, வருகிறேன் என்று சொல்லும்போதே உள்ளே ஒரு 'ஆனால்' ஒட்டிக்கொள்கிறது. அந்த 'ஆனால்' இல்லாமல் வாழ்ந்த மனிதனை நினைத்து நான் அழுதிருக்கிறேன், அழுவதைத் தவறென்று ஒருபோதும் நினைத்ததில்லை. கை கால் இழந்தவரிடம் அழாதே என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. நம் இழப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் அழும் உரிமை இல்லாமல் போய்விடாது.

விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்டின் கதையை யாராவது உங்களிடம் சொல்வார்கள். மெனியர் நோயால் பறக்கத் தடைவிதிக்கப்பட்டு, காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 1971இல் அப்பல்லோ 14இல் சென்று நிலவில் நடந்தவர். அவரை நினைத்து மகிழுங்கள். ஆனால் அவரை அளவுகோலாக்கிக்கொண்டு உங்களை அளக்காதீர்கள். அவருக்கு அந்தச் சிகிச்சை கைகொடுத்தது, எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை.

வேலையை இப்போது விடாதீர்கள். சரியான பயிற்சியும் மருந்தும் கிடைக்காத நிலையில் எடுக்கும் முடிவு நோய் எடுக்கும் முடிவாகிவிடும். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, தேவையானதை வெளிப்படையாகக் கேளுங்கள்: தரைத்தளத்தில் வகுப்பு, உட்கார்ந்து நடத்த ஒரு நாற்காலி, இரண்டு பாடவேளைகளுக்கு நடுவே சற்று ஓய்வு. எழுத வேண்டியதை வகுப்பு தொடங்குமுன்பே பலகையில் எழுதி வைத்தால் பாதித் திரும்பல்கள் மிச்சமாகும். திரும்பியே ஆக வேண்டும் என்றால் முதலில் கண்ணை ஒரு மாணவரின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பிறகு தலையைத் திருப்பிப் பாருங்கள்.

மாணவர்களிடம் சொல்லுங்கள். பரிதாபம் தேடும் குரலில் வேண்டாம், பாடம் நடத்தும் குரலிலேயே. என் காதிலுள்ள சமநிலை நரம்பு ஒன்று பழுதாகியிருக்கிறது, நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றால் பதற வேண்டாம், பின்னாலிருந்து சட்டென்று கூப்பிடாமல் முன்னால் வந்து கேளுங்கள் என்று சொன்னால் போதும். அரைவட்டக் குழல்கள் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று செங்குத்தாக, எக்ஸ், ஒய், இசட் அச்சுகளைப் போல அமைந்திருப்பதையும் சொல்லுங்கள். கணித வகுப்புக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. முதல் வாரம் உங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போடுவதற்கான பேரத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.