பல வருடம் சேர்த்த அஞ்சல்தலைகளையும் நாணயங்களையும் இணைய ஏலத்தில் விற்க நினைக்கிறேன். மொத்தமாகக் கொடுப்பதா, உதிரியாகவா? நல்ல விலை கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

என் அஞ்சல்தலைகளில் பெரும்பகுதியையும் நாணயங்களில் பாதியையும் இணைய ஏலத்தில்தான் விற்றேன். அதை வைத்துச் சொல்கிறேன். மொத்தமாகக் கொடுத்தால் அடிமாட்டு விலைதான் வரும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டால் படம் எடுத்து, விவரம் எழுதி, பொட்டலம் கட்டியே ஓய்ந்துபோவீர்கள். முதலில் மூன்று குவியலாகப் பிரியுங்கள். பெயர் சொல்லித் தேடி வாங்க ஆள் இருக்கும் பொருள்கள் ஒரு குவியல். அவை தனித்தனியாகப் போக வேண்டும். தனியாக நிற்காது, ஆனால் ஒரு நாடு, ஒரு காலம், ஒரு தலைப்பு என்று சேர்த்தால் எடுபடும் என்பவை இரண்டாவது; அவற்றைச் சிறு தொகுப்புகளாகப் போடலாம். மீதியெல்லாம் ஒரே லாட், அதாவது மொத்தமாக ஒரே ஏலப்பொருள்.

எது எந்தக் குவியல் என்று தெரிந்துகொள்ள, தளத்தில் விற்று முடிந்த ஏலங்களை மட்டும் காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். இப்போது பட்டியலில் நிற்கும் விலை விற்பவரின் ஆசை. முடிந்த ஏலத்தில் இருப்பதுதான் ஒருவர் உண்மையில் கொடுத்த காசு. கேட்டலாக் (விலைப்பட்டியல் நூல்) விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்ட வேண்டாம். உதாரணத்துக்கு, அஞ்சல்தலை விற்கும் பிரிட்டிஷ் நிறுவனமான ஸ்டான்லி கிப்பன்ஸின் கேட்டலாக்கில் இருப்பது அந்த நிறுவனம் நல்ல நிலையில் உள்ள தலையைத் தன் வாடிக்கையாளருக்கு விற்கும் விலை. நாம் விற்கும்போது அதில் ஒரு பங்குதான் கைக்கு வரும். சாதாரணத் தலைகளுக்கு அந்தப் பங்கு மிகவும் சின்னது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இணைய ஏலத்தில் விலையைத் தின்பது சந்தேகம். வாங்குகிறவரால் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. உருப்பெருக்கியை வைத்துப் பார்க்க முடியாது. அதனால் நீங்கள் சொல்லாத ஒவ்வொன்றையும் அவர் மோசமாகவே கற்பனை செய்வார், அதற்கேற்பக் குறைத்துக் கேட்பார். தலையின் முன்பக்கப் படம் மட்டும் போட்டால் பின்பக்கம் கிழிந்திருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

நான் ஒரு பழைய தலைக்கு எழுதிய விவரம் கிட்டத்தட்ட இப்படி இருந்தது: “மேல் விளிம்பில் இடமிருந்து மூன்றாவது பல் குட்டை. பின்புறம் ஹிஞ்ச் தடம் உண்டு; பசை மற்றபடி முழுசாக இருக்கிறது. மெலிந்த இடம் இல்லை, மடிப்பு இல்லை. நீர்க்குறி நிமிர்ந்திருக்கிறது.” பல் என்பது தலையின் விளிம்பில் துளைவரிசை கிழிந்து நிற்கும் நுனி; நீர்க்குறி என்பது காகிதத்துக்குள்ளேயே பதிந்த குறி. கூடவே இரண்டு பக்கத்தையும் கறுப்புப் பின்னணியில் வைத்து 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து போட்டேன். கறுப்புக்கு மேல் வைத்தால்தான் பற்கள் ஒவ்வொன்றும் தெரியும். குறையை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியும் ஏலம் நன்றாக ஏறியது. என்னைக் கேட்டால், சொன்னதால்தான் ஏறியது. ஆல்பத்தில் ஒட்டும் அந்தச் சின்னக் காகிதக் கீற்றான ஹிஞ்ச் பட்டதா படாததா என்பதிலேயே சில தலைகளின் விலை பல மடங்கு மாறும். அதை மறைத்து விற்றால் பொருள் திரும்பி வரும், உங்கள் பெயரும் கெடும்.

இபே என்ற இணைய ஏலத் தளம் 1995-இல் தொடங்கியபோது அதன் நிறுவனர் பியர் ஒமிடியார் முதலில் விற்றதே உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர்தான். உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று அவர் கேட்க, அப்படிப்பட்டவற்றைத்தான் சேகரிக்கிறேன் என்றாராம் வாங்கியவர். சொல்லிவிட்ட குறைக்கும் ஆள் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நாணயம் என்றால் தயவுசெய்து தேய்க்காதீர்கள். எலுமிச்சை, புளி, பற்பசை, பாலிஷ் எதுவும் வேண்டாம். பளபளப்பு வரும், கூடவே மயிரிழைக் கீறல்களும் வரும். விவரம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்து ஒதுங்கிவிடுவார். வருடக்கணக்கில் படிந்த நிறத்துக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் வைத்திருந்தால் பச்சையாகப் பிசுபிசுப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த உறையிலிருந்து எடுத்து வேறு நல்ல உறைக்கு உடனே மாற்றிவிடுங்கள். படம் எடுக்கும்போது விளக்கை நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழ விடுங்கள்; தேய்மானமும் மேடுபள்ளமும் அப்போதுதான் தெரியும்.

தரச்சான்று வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நாணயங்களுக்கு 1 முதல் 70 வரை மதிப்பிடும் ஷெல்டன் அளவுகோலின்படி தரம் சொல்லி, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் அமெரிக்க நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986-இலும் என்ஜிசி 1987-இலும் வந்தன. போலி அதிகம் உலவும் நாணயம், அல்லது ஒரு படி தரம் கூடினால் விலை எகிறும் நாணயம் என்றால் அனுப்புங்கள். மற்றவற்றுக்குக் கட்டணமே லாபத்தைச் சாப்பிட்டுவிடும்.

தொடக்க விலையைப் பற்றி. இபே போன்ற தளங்களில் ஒருவர் தன் உச்சத் தொகையைக் கொடுத்துவைப்பார். தளம் அவருக்காக, அடுத்தவரின் உச்சத்தைவிட ஒரு படி மட்டும் கூட்டிக் கேட்கும். அதாவது உங்கள் விலையை நிர்ணயிப்பவர் இரண்டாவதாக வந்தவர். ஒருவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் போட்டிக்கு இன்னொருவர் இல்லையென்றால் தொடக்க விலையிலேயே போய்விடும். அதனால் பலர் தேடும் பொருளுக்குத் தொடக்க விலையைத் தாழ்வாக வையுங்கள், கூட்டம் தானே ஏற்றிவிடும். உலகத்திலேயே நாலைந்து பேர்தான் தேடுவார்கள் என்ற பொருளுக்கு, இதற்குக் கீழே போனால் மனம் தாங்காது என்ற தொகையிலேயே தொடங்குங்கள்.

அப்புறம், கடைசி நாள் வரை விலை படுத்தே கிடந்தால் பதற வேண்டாம். நேரம் முடிந்ததும் சட்டென்று மூடும் ஏலங்களில் விவரமானவர்கள் கடைசி நிமிடத்தில்தான் கேட்பார்கள். பொருளாதார அறிஞர்கள் ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் காட்டினார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும் என்ற விதி அப்போது அமேசான் ஏலத்தில் இருந்தது. அங்கே இந்தக் கடைசி நேரப் பாய்ச்சல் குறைவு, இபேயில் மிக அதிகம். ஆகவே நடுவில் யாராவது “ஏலத்தை நிறுத்துங்கள், தனியாக நல்ல விலை தருகிறேன்” என்று செய்தி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தளத்துக்கு வெளியே பணம் வாங்கினால் உங்களுக்குப் பாதுகாப்பும் கிடையாது. விலையேற்ற நண்பரை விட்டுக் கேட்கச் சொல்வதும் கூடாது. அது மற்ற ஏலதாரர்களை ஏமாற்றுவது, பல நாடுகளில் குற்றமும்கூட.

அனுப்பும் செலவு, தளத்தின் கமிஷன், பணம் மாற்றும் கட்டணம் மூன்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுங்கள். சில தளங்கள் தபால் செலவின் மீதும் கமிஷன் எடுக்கும். விலை உயர்ந்ததைப் பதிவுத் தபாலில், காப்பீட்டோடு, பொட்டலம் கட்டுவதைப் படமெடுத்துவிட்டு அனுப்புங்கள். நாணயம் உறைக்குள் குலுங்கக் கூடாது. வெளிநாட்டுக்கு என்றால் பழம்பொருள் ஏற்றுமதிச் சட்டத்தை முதலில் பாருங்கள். குறிப்பிட்ட வயதைத் தாண்டிய நாணயங்களை அனுமதியில்லாமல் வெளியே அனுப்ப விடாத நாடுகள் உண்டு.

எந்தத் தலையை எப்போது, யாரிடம் வாங்கினீர்கள் என்று குறித்துவைத்த துண்டுச் சீட்டுகள் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய ரசீது, பழைய ஏலத்தின் லாட் எண் எல்லாமே பொருளின் வரலாறு. தீவிரமாகச் சேகரிப்பவர்கள் அதற்கு மதிப்புக் கொடுப்பார்கள். பொருளோடு அதையும் சேர்த்து அனுப்புங்கள், விவரத்திலும் குறிப்பிடுங்கள்.

விற்பனையை இரண்டாவது குவியலில் தொடங்குங்கள். புது விற்பனையாளரிடம் விலை உயர்ந்த பொருளை வாங்க யாருக்கும் தயக்கம் இருக்கும். சின்னத் தொகுப்புகள் போய், வாங்கியவர்கள் நல்லபடியாக நாலு வார்த்தை எழுதிய பிறகு, முதல் குவியலை ஒவ்வொன்றாக எடுங்கள். ஒரே மாதிரியான இரண்டு நல்ல பொருளை ஒரே வாரத்தில் போடாதீர்கள். அதே ஆட்கள்தான் இரண்டுக்கும் வருவார்கள்.