கணைக்கால் முறிவும் வெளிக்கம்பியும்: வாசகர் கேள்விகள்

கே: அப்பாவுக்குக் கணைக்கால் (முழங்காலுக்குக் கீழே) முறிந்து, எலும்பை அசையாமல் பிடிக்க வெளியே கம்பி போட்டு மூன்று வாரம் ஆகிறது. கம்பி தோலுக்குள் போகும் இடத்தில் மஞ்சள் பத்து போடலாமா?

ப: கூடாது. மஞ்சள், வேப்பெண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மருந்துக்கடை சலைனில் நனைத்த காஸ் துணியால் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனித் துண்டால் துடைத்தால் போதும். முதல் சில நாள் தெளிவான நீர் கசியும், அதற்குப் பயப்பட வேண்டாம். சீழ், சிவப்பு, தொட்டாலே வலி, கம்பி ஆட்டம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கே: தம்பிக்குக் கால் உடைந்துவிட்டது. எத்தனை மாதத்தில் நடப்பான்?

ப: வயது எழுதவில்லை, புண் இருக்கிறதா என்று எழுதவில்லை, சர்க்கரை உண்டா என்றும் இல்லை. இப்படிக் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? பொதுவாகத் திறந்த முறிவு, அதாவது தோல் கிழிந்து எலும்பு வரை புண்ணான முறிவு, கூடுவதற்கு 6 முதல் 9 மாதம் ஆகும், எலும்பே கொஞ்சம் போயிருந்தால் ஒரு வருடமும் தாண்டும். சிகரெட் பிடிப்பவர் என்றால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், கூடுவதைத் தள்ளிப்போடுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கே: எங்கள் ஊரில் புத்தூர் கட்டுப் போட்டே சரியானவர்கள் இருக்கிறார்கள். எலும்பு வெளியே தெரிந்தால் மட்டும் ஏன் ஆபரேஷன்?

ப: இதை எத்தனை தடவை எழுதினாலும் மறுபடி கடிதம் வருகிறது. தோல் கிழியாமல், விலகாமல் இருக்கும் முறிவு அசையாமல் வைத்தாலே கூடிவிடும், ஏனென்றால் எலும்பு தானாகக் கூடும் பொருள். திறந்த முறிவு வேறு. கணைக்காலின் முன்பக்கத்தில் தோலுக்கு அடியில் நேரே எலும்புதான், சதையே இல்லை. தோல் போனால் எலும்பு காய்ந்து சீழ் பிடிக்கும். இரத்தத்தை நிறுத்தக் காபித்தூள் அப்பி, மேலே இறுக்கிக் கட்டி மறுநாள் கொண்டுவந்த ஒரு இளைஞனின் காலை நான் கழுவியிருக்கிறேன். சலைனைச் சாய்க்கச் சாய்க்கத் தூள் மஜ்ஜைக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. சுமார் 9 லிட்டர் ஊற்றியும் முழுக்கப் போகவில்லை. போன ஒரு நாளைத் திரும்ப வாங்க முடியுமா? சுத்தமான துணியால் மூடுங்கள், காலை மட்டை வைத்து அசையாமல் கட்டுங்கள், வண்டி ஏறுங்கள். ஆன்டிபயாடிக் ஊசி முதல் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் நல்லது, டெட்டனஸ் ஊசியும் சேர்த்து.

கே: அப்பாவின் திறந்த முறிவைத் தரம் 3பி என்கிறார்கள். உள்ளே பிளேட் போடாமல் ஏன் வெளியே கம்பி? காலை எடுத்துவிடுவார்களோ?

ப: 3பி என்றால் எலும்பை மூடத் தோலும் சதையும் போதாத பெரிய புண். அழுக்கான புண்ணுக்குள் இரும்பு வைத்தால் கிருமி அதில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. அதனால்தான் வெளியே. புண் சுத்தமாகி, வேறிடத்திலிருந்து சதை எடுத்து மூடிய பிறகு, கம்பித் துளைகள் நன்றாக இருந்தால் சுமார் இரண்டு வாரத்துக்குள் எலும்பின் உள்ளே செலுத்தும் ராடுக்கு மாற்றுவது உண்டு. சிலருக்கு இலிசரோவ் வளையம், அதாவது காலைச் சுற்றி வளையங்கள் வைத்து மெல்லிய கம்பிகளால் எலும்பைப் பிடிப்பது. காலை எடுப்பதைப் பற்றிக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை உருவாக்கிய மதிப்பெண் முறை இருக்கிறது: தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனி, சர்க்கரை போன்றவற்றுக்குக் கூடுதல். 14 வரை காப்பாற்றப் பார்ப்பார்கள், 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பதை யோசிப்பார்கள், நடுவே இருப்பது மருத்துவரின் அனுபவம். அப்பாவுடைய எண் என்ன என்று தயங்காமல் கேளுங்கள்.

கே: கம்பியைக் கழற்ற மயக்க மருந்து வேண்டுமா?

ப: பெரும்பாலும் வேண்டாம். துளைகள் சில நாளில் மூடிக்கொள்ளும். அதுவரை சலைன்தான், மஞ்சள் இல்லை.