தேர்தலில் நிற்பவரே தேர்தலை நடத்தலாமா?

அமெரிக்காவில் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கிளார்க் என்ற அதிகாரி தேர்தலில் ஜெயித்துப் பதவிக்கு வருகிறவர், அவரே தேர்தலையும் நடத்துவது எப்படிச் சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் ஊர் கலெக்டரை வைத்துப் பார்த்தால் விசித்திரம்தான். கொலராடோ மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான கவுண்டிகளில் கிளார்க் நான்காண்டுக்கு ஒருமுறை கட்சிச் சின்னத்தோடு... இல்லை, சின்னமெல்லாம் அங்கே கிடையாது, கட்சிப் பெயரோடு போட்டியிடுகிறார். வாக்காளர் பதிவு, தபாலில் வாக்குச்சீட்டு அனுப்புவது, எண்ணுவது எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற நாட்களில் பத்திரப்பதிவு, திருமண உரிமம், வண்டிப் பதிவு.

ஆனால் தனியாக எதையும் முடிக்க முடியாது. தபாலில் திரும்பி வந்த வாக்குச்சீட்டு உறையில் வாக்காளர் போட்ட கையெழுத்து, பதிவில் இருப்பதோடு பொருந்தவில்லையா? வெவ்வேறு கட்சியைச் சேர்ந்த இருவர் பார்க்க வேண்டும். அப்போதும் பொருந்தாவிட்டால், வாக்காளர் சரிசெய்ய தேர்தலுக்குப் பின் 8 நாள் அவகாசம். எண்ணிய பிறகு காகிதச் சீட்டுகளை மாதிரிக்கு எடுத்துத் தணிக்கை. மாநிலம் முழுக்க இது 2017 முதல் நடக்கிறது. மீறினால் வழக்குதான்: வாக்கு இயந்திரத் தகவல்களை வெளியாள் நகலெடுக்க வழிசெய்த விவகாரத்தில் மெசா கவுண்டியின் முன்னாள் கிளார்க்கை 2024-இல் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) குற்றவாளி என்றது.