லாடம் அடித்த ஐந்தாம் நாள் காலை ஊன்றாத குதிரை

கேள்வி: எங்கள் ஒன்பது வயதுப் பெண் குதிரைக்கு லாடம் அடித்து ஐந்து நாள் ஆகிறது. நேற்று மாலை வரை நன்றாக நடந்தது. இன்று காலை இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்கிறது. வீக்கம் இல்லை. தோள் பிசகியிருக்கும், தைலம் தேய்த்தால் போதும் என்கிறார்கள். கைவசம் இருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கலாமா?

பதில்: தைலமும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். ஒரே இரவில் இப்படி நொண்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குளம்புக்குள் கட்டிய சீழ். குளம்புச் சுவர் விரிந்து கொடுக்காது; உள்ளே துளி சீழ் சேர்ந்தாலும் அழுத்தம் தாங்க முடியாத வலியாகிவிடும். மூடிக் கிடக்கும் சீழுக்குள் மருந்தும் சரியாகப் போய்ச் சேராது.

புறங்கையை இரண்டு முன்னங்குளம்புகளிலும் வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள். பிறகு கணுமூட்டின் பின்புறம், இரு பக்கமும் விரல் வைத்து நாடி பாருங்கள். நல்ல காலில் அது தேடினால்தான் கிடைக்கும். சீழ் கட்டிய காலில் விரலைத் தட்டும். இரண்டு முன்னங்கால்களிலும் சூடும் துடிப்பும் இருந்து, குதிரை உடலைப் பின்னுக்குச் சாய்த்து நின்றால் அது லேமினைட்டிஸாக (குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிணைக்கும் திசுவில் வரும் அழற்சி) இருக்கலாம். அப்போது வெந்நீர் கூடாது. குளம்பை ஐஸில் வைத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒரு காலில் மட்டும் என்றால் லாடத்தைக் கழற்றச் சொல்லுங்கள், ஆனால் ஆணிகளை ஒவ்வொன்றாக. மொத்தமாக நெம்பி எடுத்தால் தடயம் போய்விடும். ஈரமாக, கறுத்து, நாற்றத்தோடு வரும் ஆணிதான் குற்றவாளி. அதன் துளையைக் குறித்து வையுங்கள். ஆணி உயிர்ச் சதையைத் தொட்டாலோ அதற்கு மிக நெருக்கமாகப் போனாலோ இப்படித்தான் சில நாள் கழித்து வெளிப்படும்.

சீழுக்கு வழி திறப்பது மருத்துவர் அல்லது தேர்ந்த லாடம் அடிப்பவர் வேலை. பென்சில் நுழையும் அளவுத் துளையே அதிகம். வலி தீரட்டும் என்று அடித்தட்டைப் பெரிதாகக் குடைந்தால் உள்சதை பிதுங்கி, சில நாளில் ஆற வேண்டியது வாரக்கணக்கில் இழுக்கும்.

பிறகு கை பொறுக்கும் சூட்டு நீரில் எப்சம் உப்பைக் கரையும் மட்டும் போட்டு, 20 நிமிடம், நாளுக்கு இரு முறை ஊறவையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், குளம்பு ஊறி மெத்தென்றாகிவிடும். இடையில் குழந்தைகளின் டயப்பரில் அதே கரைசலை நனைத்துக் குளம்பில் கட்டலாம். டக்ட் டேப் (அகலமான, வலுவான ஒட்டுநாடா) துண்டுகளை லாயத்துச் சுவரில் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிச் சதுரத் தட்டாக்கி முன்பே தயாராக வைத்துக்கொண்டால் காலைப் பிடித்துக்கொண்டு அல்லாட வேண்டியதில்லை. டேப் குளம்போடு நிற்கட்டும். மேலே முடி தொடங்கும் இடத்தில் இறுகினால் ரத்த ஓட்டம் தடைபடும். சீழ் நின்றதும் உலர்ந்த கட்டு, உலர்ந்த தரை. துளை காய்ந்து கெட்டியான பிறகே லாடம்.

டெட்டனஸ் ஊசியை மறக்காதீர்கள், குதிரைக்கு அது எளிதில் பிடிக்கும். கடைசி ஊசி போட்டு ஆறு மாதம் தாண்டியிருந்தால் பூஸ்டர். ஒருபோதும் போட்டதில்லை என்றால் ஆன்டிடாக்ஸினும் (டெட்டனஸ் நச்சை முறிக்கும் ஊசி) தேவைப்படும். வலி மருந்தை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள், வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகமும் கெடும்.

சீழ் வெளியேறினால் ஓரிரு நாளில் நடை தெளிவாகத் தேறும். தேறாவிட்டாலோ, கால் மேலே வீங்கினாலோ, காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். குளம்படியில் நடுவே ரப்பர் போலிருக்கும் முக்கோணப் பகுதியில் வேறு ஆணி ஏதும் குத்தி நிற்கக் கண்டால் பிடுங்காதீர்கள். அதற்கு மேலேதான் மூட்டும் தசைநாரும் இருக்கின்றன. எதுவரை போயிருக்கிறது என்பதை ஆணியோடு எடுக்கும் எக்ஸ்ரேதான் காட்டும்.