வெள்ளாமைக் காணியை விக்காதீங்க அக்கா, முதல்ல மகள்ட கொப்பியை வாசிங்க

அக்கா, நீங்க அனுப்பின வொய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் ஆறுதலா இருந்து கேட்டன். மகள் ஏலெவல்ல மூண்டு பாடமும் பாஸ், ஆனா கெம்பஸுக்கு ஆள் எடுக்கப் பாக்கிற இசட் ஸ்கோர் புள்ளி அரசாங்க கெம்பஸ் இஞ்சினியரிங்குக்குக் காணாது, சுவிசில இருக்கிற மாமா கொழும்பில ஒரு பிரைவேட் கெம்பஸ்ல சிவில் இஞ்சினியரிங்குக்குச் சேர்த்து விடச் சொல்றார், முதல் வருசக் காசு அவர் கட்டுவாராம், மிச்சத்துக்கு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரையில இருக்கிற ரெண்டரை ஏக்கர் வெள்ளாமைக் காணியை வித்தாச் சரி எண்டு சொந்தக்காரர் எல்லாரும் கூடிக் கதைச்சு முடிச்சிட்டாங்க, நீங்க ராவில நித்திரையில்லாமக் கிடக்கிறீங்க. பயப்படாதீங்க எண்டு சொல்லித் தொடங்கத்தான் நினைச்சன். ஆனா ஆறுதல் சொல்லிக்கொண்டு இருக்க நேரமில்ல, ஏனெண்டா காணி வாங்குறவர் வந்து பாத்துட்டும் போயிட்டார் எண்டு சொல்றீங்க. அதனால நேராவே சொல்றன், காணியில கை வைக்காதீங்க.

அந்தக் காணி உங்கட அம்மா மகள்ட பேருக்கெண்டு வச்ச காணி எண்டு நீங்களேதான் சொன்னீங்க. எங்கட பக்கம் வீடு வளவும் காணியும் பொம்பிளப் புள்ளைகளுக்குத்தானே போற. அப்ப விக்கப்போறது அவட சொத்து. அவட சொத்தை வித்து அவ கேக்காத படிப்பை அவட தலையில கட்டுறது எந்த வகையில நியாயம்? முதல் வருசம் மாமா கட்டுவார், மறுகா மற்ற வருசங்கள்? செமஸ்டர் பீஸ் கூடினா? போடிங் காசு, சாப்பாடு, லெப்டொப்? மாமாட நல்ல மனசை நான் குறை சொல்லல்ல, ஆனா அவர்ட வேலையில ஒரு பிரச்சின வந்தா நடுவழியில நிக்கப்போறது உங்கட புள்ள. அதோட 2017ல வந்த இஞ்சினியரிங் கவுன்சில் சட்டத்தின்படி இந்த நாட்டில இஞ்சினியரா வேலை செய்யுறதுக்குப் பதிவு வேணும், அதுக்கு அந்த டிகிரியை ஏத்துக்கொள்ளணும். அந்தக் கெம்பஸ்காரரிட்ட "உங்கட டிகிரியை இலங்கை இஞ்சினியர்மார்ட நிறுவனமான ஐ.இ.எஸ்.எல். ஏத்திருக்கா" எண்டு எழுத்தில கேட்டீங்களா எண்டா கேக்கல்ல. கேக்காம காணி விக்கிற கதை கதைக்கலாமா?

டீச்சிங், பேங்க் சோதனை, அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டுட்டு இருக்கிறது, இதெல்லாம் உங்கட குடும்பத்தில எல்லாருக்கும் தெரிஞ்ச பாதை, அதப் பத்தி நான் சொல்ல ஒண்டுமில்ல.

நான் பிடிச்சுக்கொண்டது நீங்க குறையாச் சொன்ன ஒரு விசயத்த. படிக்கிற நேரத்தில ஊர்க்கதை எழுதுறா எண்டு சொன்னீங்களே, மண்முனைப் பாலம் வந்த பிறகு வாவியில சனத்தை ஏத்தி இறக்கின பாதைக்காரர் என்ன தொழில் செய்யுறார், அந்த இறங்குதுறையில கச்சான் வித்த அம்மாக்கு இப்ப என்ன வருமானம், ரோட்டை உயர்த்திப் போட்டதால ஆர்ர வளவுக்குள்ள மழைத்தண்ணி ஏறுது எண்டெல்லாம் கேட்டுக் கேட்டுக் கொப்பியில எழுதி வச்சிருக்கா எண்டு. அக்கா, அது ஊர்க்கதை இல்ல. உலகம் முழுக்கச் சம்பளம் குடுத்துச் செய்விக்கிற வேலை அது. கட்டுமானத் திட்டத்தை எப்பிடி நடத்துற, அது சனத்துக்கு என்ன செய்யுது எண்டு ஆராயுற துறை. பொடிச்சி ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமலே அதுக்குள்ள இறங்கிட்டா.

இது ஏன் முக்கியம் எண்டு விளங்க கொழும்புக்குப் போகத் தேவையில்ல, எங்கட கரையோரமே காணும். சுனாமிக்குப் பிறகு அக்கரைப்பற்று நுரைச்சோலையில சவூதி காசில 500 வீடு கட்டினாங்க, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து. கட்டிடமெல்லாம் முடிஞ்சுது. ஆனா ஆருக்குக் குடுக்கிற எண்டதில பிரச்சின வந்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், வீடெல்லாம் வருசக்கணக்கா ஆளில்லாமப் பத்தை பிடிச்சுக் கிடந்துது. அங்க சீமெந்துக் கணக்கும் இரும்புக் கணக்கும் பிழைக்கல்ல, சனத்திர கணக்குத்தான் பிழைச்சுது. ஒலுவில் துறைமுகத்தைப் பாருங்க, டென்மார்க் கடன்ல கட்டி 2013ல திறந்தாங்க, வடக்குப் பக்கக் கரையைக் கடல் அரிச்சுத் தென்னங்காணி எல்லாம் போச்சு, துறைமுக வாயிலயே மண் வந்து மூடிட்டுது, வள்ளம் போக வழியில்லாம மீன்பிடிக்காரர் போராட்டம் செய்தாங்க. சுனாமி முடிஞ்ச கையோட, கடலோரத்தில வீடு கட்டக் கூடாது எண்டு வந்த பஃபர் சோன் ஞாபகம் இருக்கும், தெற்கில 100 மீட்டர், எங்கட வடக்கு கிழக்கில 200 மீட்டர். அந்த ஒரு நம்பர் எத்தின மீன்பிடிக் குடும்பத்தைக் கடலை விட்டுத் தள்ளி வச்சுது!

இதையெல்லாம் விடப் பெரிய விசயம் வீட்டு உறுதி, அதாவது பத்திரம். எங்கட ஊர்களில வளவு தாய்வழியா வந்தது, அலை அடிச்சுப் போட்டுப் புது வீடு குடுக்கக்குள்ள "குடும்பத் தலைவர்" எண்ட கட்டத்தில கனபேர்ர புருசன்ட பேரைப் போட்டு உறுதியையும் அவங்கட பேருக்கே குடுத்திட்டாங்க. தலைமுறை தலைமுறையாப் பொம்பிளையள்ட கையில இருந்த சொத்து ஒரு போர்ம்ல மாறிட்டுது. அந்தப் போர்மை நிரப்புற மேசையில எங்கட ஊர் வழக்கம் தெரிஞ்ச ஒரு பொம்பிள இருந்திருந்தா எண்டு யோசிச்சுப் பாருங்க. நான் இத நினைக்காத நாள் குறைவு.

சரி, வேலை என்ன வேலை எண்டு கேப்பீங்க. ஒரு ரோட்டோ பாலமோ தண்ணித் திட்டமோ வருது எண்டா முதல்ல எந்தெந்தக் குடும்பம் பாதிக்கப்படுது எண்டு வீடு வீடாப் போய்ப் பதியுற, எந்தத் திகதியில இருந்த ஆக்களுக்கு நட்டஈடு எண்டு ஒரு நாளைக் குறிக்கிற, ஒவ்வொரு மதில், கிணறு, தென்னை, கடைக்குக் கணக்கெடுக்கிற. உறுதி இருக்கிறவர், பெர்மிட்காரர், ஒண்டுமில்லாமக் குடியிருக்கிறவர், வாடகைக்குக் கடை நடத்துறவர் எண்டு எல்லாரையும் தனித்தனியாப் பாக்கிற. மறுகா வேலை நடக்கக்குள்ள புழுதி, சத்தம், கான் அடைபட்டுத் தண்ணி நிக்கிறது, வெளியில இருந்து வந்த வேலையாக்கள்ட கேம்ப், இதுக்கெல்லாம் சனம் முறைப்பாடு சொல்ல ஒரு கொமிட்டி நடத்துற. வேலை முடிஞ்ச பிறகு திரும்பிப் போய் ஆக்கள்ட சீவியம் கூடினதா குறைஞ்சதா எண்டு அளக்கிற. இந்தக் கடைசித் துண்டைத்தான் கனபேர் செய்யுறதில்ல, மகள்ட கொப்பி நிக்கிறது சரியா அந்த இடத்தில.

இது ஆசைக்குச் செய்யுற சேவை எண்டு நினைக்காதீங்க, சட்டமும் கடன் குடுக்கிறவங்கட விதியும் கேக்கிற வேலை. இலங்கையில 2001ல வந்த மீள்குடியேற்றக் கொள்கைப்படி 20 குடும்பம் அல்லது அதுக்கு மேல இடம்பெயர்ந்தா முழு மீள்குடியேற்றத் திட்டம் ஒண்டு எழுதணும். தெற்கு அதிவேக ரோட்டுக்கு ஆயிரத்துக்கு மேல வீடு எடுத்தாங்க, அங்கதான் காணிக்காரரையே மேசைக்குக் கூப்பிட்டு நட்டஈடு பேசுற லார்க் கமிட்டி முறை வந்துது. 1993ல இந்தியாவில நர்மதா அணைக்கு உலக வங்கிட கடன் பாதியில நிண்டதுக்கு ஒரு பெரிய காரணம் இடம்பெயர்ந்த சனத்திர பிரச்சினதான். 2018ல இருந்து உலக வங்கி காசு குடுக்கிற திட்டங்களுக்குச் சுற்றாடல், சமூகம் எண்டு 10 தரநிலை இருக்கு, காணி எடுக்கிறதுக்கு ஒண்டு, சனத்தோட கதைக்கிறதுக்கே ஒண்டு. ரோட்டு அதிகார சபையான ஆர்.டி.ஏ.க்குள்ளயே இதுக்கெண்டு தனிப் பிரிவு இருக்கு. தண்ணி சபைத் திட்டங்கள், கன்சல்டன்சி கொம்பனிகள், பெரிய கொன்ட்ராக்டர்மார், எல்லாருக்கும் சனத்துக்கும் சுற்றாடலுக்கும் பாதிப்பு வராமப் பாக்கிற சேஃப்கார்ட் ஒபிசர் எண்டு ஆள் தேவை. தமிழ்ல சனத்தோட கதைச்சு, இங்கிலீசில ரிப்போட் எழுதி, சிங்களத்தில மீட்டிங்கில பேசக்கூடிய ஒரு படுவான்கரைப் பொம்பிளப் புள்ளையை எங்க போய்த் தேடுவாங்க?

படிப்புக்கு வழி சொல்றன். மொரட்டுவ கெம்பஸ்ல, கட்டுபெத்தையில, ஆர்க்கிடெக்சர் பீடத்துக்குள்ள ரெண்டு இடம். ஒண்டு நகரம், கிராமம் திட்டமிடப் படிக்கிற டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங், நாலு வருசம். மற்றது பில்டிங் எக்கனொமிக்ஸ் டிபாட்மென்ட், அங்க கட்டுமானச் செலவைக் கணக்குப் பாக்கிற கியூ.எஸ்., கட்டிடங்களைப் பராமரிச்சு நடத்துற ஃபெசிலிட்டீஸ் மெனேஜ்மென்ட் எண்டு ரெண்டு டிகிரி. கட்டுமானத் திட்ட முகாமைத்துவத்தில ஆராய்ச்சி செய்யுறதுக்கு இந்த நாட்டில பேர் போன இடம் அது, அவங்கட ஆராய்ச்சிப் பிரிவு இன்னொரு அமைப்போட சேர்ந்து 2012ல இருந்து உலக அளவில ஒரு கட்டுமானக் கருத்தரங்கே நடத்திக்கொண்டு வருது. எந்த டிகிரிக்குப் போனாலும் கடைசி வருசம் ஒரு ஆய்வு எழுதணும், மகள் மண்முனைப் பாலத்தை எடுத்துக்கொண்டு வந்து நிக்கலாம். அரசாங்க கெம்பஸ், பீஸ் இல்ல. உங்கட வருமானத்துக்கு மகாபொலவோ பேர்சரியோ எண்ட படிப்பு உதவிக்காசு கிடைக்க வாய்ப்பிருக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் கல்வியில பின்தங்கின மாவட்டம் எண்ட கணக்கில தனியா 5 சதவீத ஒதுக்கீட்டுக்குள்ளயும் வருது, மாவட்டக் கோட்டா 55 சதவீதம் வேற. இஞ்சினியரிங்குக்குக் காணாத இசட் ஸ்கோர் இதுகளுக்குக் காணலாம், போன வருசம் எடுபட்ட கடைசிப் புள்ளியான கட் ஓவ்வை மாவட்டத்தைப் பாத்து, கெம்பஸுக்கு ஆள் எடுக்கிற யூ.ஜி.சி.ட கைநூலோட வச்சு ஒப்பிடுங்க, பாடத் தகுதியையும் வரி வரியா வாசிங்க.

ஒண்டை மறைக்கக் கூடாது. இந்த வேலையில கனக்கப் பதவிகள் திட்டம் முடியும் மட்டும்தான், கொன்ட்ராக்ட். பென்சன் எண்டு நம்பி இறங்கக் கூடாது. சைட்டுக்குப் போகணும், வெயில்ல நிக்கணும், கோவத்தில இருக்கிற சனத்துக்கு முன்னால நிண்டு பதில் சொல்லணும். பொம்பிளப் புள்ளைக்கு இது சரிவருமா எண்டு மாமி கேட்டாவாம். பாதிக்கப்பட்ட வீட்டில அடுப்படிக்குள்ள போய் இருந்து கதைக்க ஆம்பிள ஒபிசராலயா ஏலும்? பொம்பிளையளுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும்.

ஏலெவலுக்கும் கெம்பஸ் கூப்பிடுறதுக்கும் இடையில மாசக்கணக்கா வீட்டில இருக்கணும் தானே. அந்த நேரத்தில அவ சிங்களம் பேசப் பழகட்டும், இதுதான் முதல். மறுகா போனிலயே சர்வே எடுக்கிற கோபோ டூல்பொக்ஸ், மெப் கீறுற கியூ.ஜி.ஐ.எஸ்., ரெண்டும் சும்மா கிடைக்கிற சொஃப்ட்வெயர், யூடியூப் பாத்தே பழகலாம். கொப்பியில இருக்கிற குடும்பங்கள்ட விபரத்தை அதில ஏத்தி ஒரு மெப் செய்யட்டும். ஆக்கள்ட பேரை மட்டும் வெளியில காட்ட வேணாம் எண்டு சொல்லுங்க, அவங்க நம்பிச் சொன்னது.

இனி இந்தக் கிழமை செய்ய வேண்டியது. காணி பாத்துட்டுப் போனவருக்கு இல்ல எண்டு போன் எடுத்துச் சொல்லுங்க, யோசிச்சுச் சொல்றம் எண்டு இழுக்க வேணாம், அட்வான்ஸ் எண்டு அஞ்சு சதமும் வாங்காதீங்க. யூ.ஜி.சி. போர்ம்ல விருப்ப ஒழுங்கை மகள் தன்ட கையாலயே போடட்டும், ஏனெண்டா தகுதி வாற பாடங்களில எது மேல இருக்கோ அதுதான் கிடைக்கும், ஆருக்கோ காட்டுறதுக்கு வேண்டாத பாடத்தை மேல போட்டா அதுக்குள்ளயே மாட்டிக்கொள்ளுவா. நான் எண்டா டவுன் பிளானிங் முதல், ஃபெசிலிட்டீஸ் ரெண்டாவது எண்டு சொல்லுவன், ஆனா அவ மாத்திப் போட்டா விடுங்க. மாமாட நம்பரை எனக்கு அனுப்புங்க, சுவிஸ் நேரம் பாத்து நானே கதைக்கிறன், முதல் வருசத்துக்கு வச்சிருக்கிற காசில கட்டுபெத்தைப் பக்கம் ஒரு றூமும் ஒரு லெப்டொப்பும் எடுத்துக் குடுக்கலாமா எண்டுதான் கேக்கப்போறன்.