குளத்தில் ஆகாயத்தாமரை, ஆற்றில் அயல் மீன்: குமரி மாவட்டக் கேள்விகளுக்குப் பதில்

தோவாளை, ஆயக்கட்டு விவசாயி: போன வருசம் ஜேசிபி வச்சு குளத்தை முழுசா வாரினோம் அண்ணாச்சி. ஆறே மாசத்துல ஆகாயத்தாமரை திரும்ப மூடிட்டு. என்ன செய்யணும்?

மூன்று இடத்தில் கோட்டை விட்டிருப்பீர்கள்.

முதலாவது, மேல்குளம். அங்கே ஆகாயத்தாமரை இருந்தால் மறுகால் (குளம் நிரம்பி உபரித் தண்ணீர் வெளியேறும் வழி) பாயும்போது உங்கள் குளத்துக்கு வந்தே தீரும். சங்கிலியில் மேலே உள்ள குளத்தில் தொடங்கித்தான் கீழே வர வேண்டும். அது நடக்காவிட்டால் தண்ணீர் நுழையும் வாயில் தடுப்பு கட்டுங்கள். நான்கு அங்குல பிவிசி குழாயின் இரு முனையையும் மூடி போட்டு ஒட்டி, நைலான் கயிற்றில் வரிசையாகக் கோத்து, கீழே இரண்டடி வலை தொங்கவிட வேண்டும். வலையின் அடியில் ஈயக்குண்டு அவசியம். இல்லையென்றால் ஓட்டத்தில் வலை மேலே புரண்டுவிடும். வாரம் ஒருமுறை தடுப்பில் சேர்ந்ததை எடுக்காவிட்டால் பாரம் தாங்காமல் கயிறு அறும்.

இரண்டாவது, வாரியதைப் போட்ட இடம். கரையின் உள்சரிவில் குவித்தால் அடுத்த மழை அதைக் குளத்துக்கே திருப்பிக் கொடுக்கும். கரைக்கு வெளியே மேட்டில் போடுங்கள். செடியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். நான்கைந்து நாள் வெயிலில் வதங்கினால் குவியல் பாதிக்கும் கீழே இறங்கும், அதன்பிறகு லாரியில் ஏற்றினால் வாடகை மிச்சம். வெறும் இலை மறுபடி முளைக்காது. அடித்தண்டும் செடிக்குச் செடி ஓடும் கொடித்தண்டும்தான் முளைக்கும். ஜேசிபி வாளி நசுக்கிச் சிதறவிடுவது அவற்றைத்தான். எனவே இயந்திரம் போன கையோடு இரண்டு பேர் வலையோடு இறங்கி மிதக்கும் துண்டுகளை அள்ள வேண்டும்.

மூன்றாவது, விதை. சேற்றுக்குள் பதினைந்து, இருபது வருடம்கூட உயிரோடு கிடக்கும். கோடையில் தண்ணீர் வற்றி ஓரச் சேற்றில் வெளிச்சம் பட்டதும் முளைக்கும், குளம் பெருகும்போது நாற்று கழன்று மிதக்கும். விரல் நீளத்தில் இருக்கும்போதே ஓரமாக நடந்து கையால் பிடுங்கிவிடலாம். அந்த ஒரு மாதத்தை விட்டால் திரும்பவும் ஜேசிபிதான்.

சுசீந்திரம்: களைக்கொல்லி அடித்தால் செலவு குறையுமே?

வேண்டாம். குளம் முழுக்கச் செத்த செடி அமிழ்ந்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். இரண்டொரு நாளில் மீன் மிதக்கும். அதே தண்ணீர்தான் வயலுக்கும், மாடு குடிக்கவும். போதாததற்கு சுசீந்திரம்-தேரூர் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம்.

ஆரல்வாய்மொழி: வண்டு விட்டால் தானே சரியாகிவிடும் என்கிறார்களே?

செடியைப் பொறுத்தது. மேற்கே ஆப்பிரிக்கன் பாயல் என்கிற மிதக்கும் பெரணிக்கு 1980-களில் கேரளத்தில் விட்ட இரண்டு மில்லிமீட்டர் கூன்வண்டு அருமையாக வேலை செய்தது. ஆகாயத்தாமரைக்கும் அதே காலத்தில் கூன்வண்டுகள் கொண்டுவந்தார்கள். இலையில் சின்னச்சின்னச் சுரண்டல் தழும்பு தெரிந்தால் அவை ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. புழு காம்பைக் குடைந்து செடியைத் தளர்த்தும், ஆனால் பலன் தெரிய வருடங்கள் ஆகும். கோடையில் வற்றும் குளத்தில் வண்டுக்கூட்டம் நிலைக்காது. சாக்கடை கலக்கும் குளத்தில் வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி வளரும். அங்கே முதலில் சாக்கடையைத் திருப்புங்கள்.

களியக்காவிளை: சாரே, ஆவளப்பாண்டியில் பார்த்த இளஞ்சிவப்புப் பூ கொஞ்சம் கொண்டுவந்து எங்க குளத்துல போடலாமா?

கூடவே கூடாது. 2020-இல் கோழிக்கோடு பக்கம் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்த அந்த முள்ளன் பாயல் தென் அமெரிக்கச் செடி. ஒரு கணுத்துண்டு போதும், வேர்விடும். தண்ணீருக்கடியில் அடைத்து வெளிச்சத்தை மறைத்துவிடும். கொண்டுவந்திருந்தால் வெயிலில் சருகாகக் காயவைத்து எரியுங்கள்.

குலசேகரம், மீன் குத்தகைதாரர்: ஆப்பிரிக்கன் முஷி (கெளுத்தி மீன்) விடாம குத்தகைக் காசு எடுக்க முடியாது. மறுகால்ல வலை கட்டியிருக்கேன், வெளியே போகாது.

போகும். ஐப்பசி மழையில் சருகும் பாசியும் வந்து வலையை அடைக்கும், தண்ணீர் ஏறும். கரை உடையாமல் இருக்க யாராவது வலையைத் தூக்கித்தான் ஆக வேண்டும், தூக்குவதும் சரிதான். அந்த ஒரு ராத்திரி போதும். குஞ்சுகள் அதற்கு முன்பே கண்ணி வழியாகப் போயிருக்கும். காற்றைச் சுவாசிக்கும் மீன், ஈரத்தரையில் ஊர்ந்தும் நகரும். 1997-இலேயே மத்திய அரசு தடை செய்த மீன் இது. 2018 வெள்ளத்தில் கேரளத்தின் பண்ணைகளிலிருந்து வெளியேறிய அராபைமா என்கிற பெரிய அயல் மீனை ஆறுகளில் பிடித்தார்கள். அவற்றுக்கும் வேலி இருந்தது.

அதே குத்தகைதாரர்: அப்போ ஜிலேபி மீன் (திலேப்பியா)? அது எல்லா குளத்துலயும் கிடக்கே!

1952-இல் வந்தது, இனி ஒழிக்க முடியாது. முட்டையை வாயில் வைத்துக் காக்கும் மீன், வாயில் முட்டையோடு ஒரு தாய்மீன் போதும், ஒரு குளம் நிறையும். ஒழிக்க முடியாத ஒன்றைக் காட்டி இன்னொன்றை விடலாம் என்பது நியாயமா? ஜிலேபி இல்லாத குளத்துக்காவது கொண்டுபோகாதீர்கள்.

மார்த்தாண்டம்: குத்தகைக்காரரை மட்டும் ஏன் சொல்றீங்க? கோழிக்கடைக் கழிவை ராவோட ராவா கொட்டுறவங்களை யார் கேக்குறது?

நீங்கள் சொல்வதும் உண்மை. அந்தக் கழிவு முஷிக்குத் தீனி, ஆகாயத்தாமரைக்கு உரம். வண்டி எண்ணோடு ஊராட்சிக்கு எழுதிக் கொடுங்கள். அதற்காக முஷி விடுவது சரியாகாது. நம் ஊர் நாட்டு முஷி இருக்கும் தோடுகளில் (ஓடைகளில்) அதன் இடத்தைப் பறிப்பது ஆப்பிரிக்கன் முஷிதான். ஒரு கிலோவைத் தாண்டிய முஷி எதுவும் நாட்டு முஷி அல்ல, பிடித்தால் திரும்ப விடாதீர்கள். குத்தகைதாரருக்கு ஒன்று: குஞ்சு வாங்கி வந்தால் பையை நேராகக் குளத்தில் கவிழ்க்காதீர்கள். அகலத் தொட்டியில் ஊற்றி, வேறு குஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்த்து, சல்லடையால் அள்ளி விடுங்கள். பைத்தண்ணீரைத் தரையில் கொட்டுங்கள்.

நாகர்கோவில்: ஆகாயத்தாமரைக்கு மருந்து அடிக்கலாமா?

சுசீந்திரத்துக்குச் சொன்னதே.

திருவட்டாறு: வலையில் கறுப்பாக, முள்ளு முள்ளாக டேங்க் கிளீனர் மீன் வருது.

மீன்தொட்டியிலிருந்து விட்டது. கரையில் பொந்து குடைந்து முட்டையிடும், தண்ணீர் இறங்கும்போது பொந்துகள் தெரியும், மண் போட்டு இறுக்குங்கள். கரையில் வீசினால் செத்துவிட்டதாக நினைக்காதீர்கள், மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொன்று புதையுங்கள்.

தக்கலை: பிள்ளை வளர்த்த ஆமை பெரிசாயிட்டு. குளத்துல விடலாமா?

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அமெரிக்க ஆமை, குளத்தில் விடவே கூடாது. வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், மறுத்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குளத்தில் பிடித்த பால் ஆமை என்றால் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், வனத்துறையிடம் கொடுங்கள்.

வில்லுக்குறி: கொசுவுக்கு கம்பூசியா மீன் விடலாமா?

குளத்துக்கு வேண்டாம், தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும். நம் நாட்டு மீன் முண்டக்கண்ணியே கொசுப்புழு தின்னும்.

இரணியல்: ரவுண்டப் களைக்கொல்லி கொஞ்சமா அடிச்சா?

மூன்றாவது முறை: வேண்டாம்.

பூதப்பாண்டி: ஒரே வலையை நாலு குளத்துக்குக் கொண்டுபோறோம். பரவாயில்லையா?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கண்ணியில் சிக்கிய செடித்துண்டை எடுங்கள், கரையிலேயே உதறுங்கள், இரண்டு நாள் வெயிலில் விரித்துக் காயவிடுங்கள். மடிப்புக்குள் ஈரம் இருந்தால் காய்ந்ததாகக் கணக்கில்லை. அவசரமென்றால் இன்னொரு வலை வாங்குங்கள்.