கஃபனுக்குக் கைதட்டல்

கேள்வி: நகரங்களில் வசதியாக வாழும் முஸ்லிம்களிடையே சூஃபி மோகம் பெருகிவருகிறது. சுவரில் பாரசீக சூஃபிக் கவிஞர் ரூமியின் வரிகள், வார இறுதியில் சூஃபி இசை, கட்டணம் கட்டி திக்ரு (இறைநினைவு) முகாம். எளிமையைப் போதித்த தஸவ்வுஃப் என்னும் இஸ்லாமிய ஆன்மிக நெறி கடைச்சரக்காகிவிட்டதே?

பதில்: உங்கள் கோபம் பணத்தின் மீது என்று தெரிகிறது. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. சூஃபிகள் எல்லோரும் கடைத்தெருவைக் கண்டு ஓடியவர்கள் அல்லர். சூஃபிக் கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தாரின் பெயரிலேயே ஒரு அத்தர், மருந்துக் கடை இருக்கிறது. சூஃபி ஞானி ஹல்லாஜின் பெயருக்குப் பஞ்சு கொட்டுபவர் என்று பொருள். 1095இல் பாக்தாத் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் பெரிய பதவியை உதறிவிட்டுக் கிளம்பிய இமாம் கஸ்ஸாலிகூட, பிள்ளைகளின் செலவுக்கு வேண்டியதை எடுத்துவைத்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கொடுத்தார். கணக்குத் தெரிந்த துறவு!

என் புகார் வேறு. இன்று விற்கப்படும் சரக்கு, வாங்குகிறவரிடம் காசைத் தவிர எதையும் கேட்பதில்லை.

ரூமியின் வழிவந்த மெவ்லவி தரீக்காவையே (சூஃபி வழிமரபையே) பாருங்கள். அதில் தர்வேஷ் (சூஃபி அடியார்) ஆக விரும்பி வந்தவர் 1001 நாள் பணிவிடை செய்ய வேண்டும், அதுவும் பெரும்பாலும் மடத்துச் சமையலறையைச் சுற்றி. பெருக்குவது, சுமப்பது, பாத்திரம் கழுவுவது. திக்ராகச் சுழன்றாடும் சடங்கைப் பழகியதும் அங்கேதான்: பலகையில் அடித்த ஆணியைக் கால்விரல் இடுக்கில் பிடித்துக்கொண்டு. அவர் தலையில் வைக்கும் உயரத் தொப்பி நஃப்ஸின் (தன்முனைப்பின்) மீசான் கல், அதாவது கல்லறைக் கல்; வெள்ளை அங்கி அதன் கஃபன் (சவத்துணி), கறுப்பு மேலங்கி கப்ரு (புதைகுழி). செத்துப் பழகும் பயிற்சி என்றே சொல்லலாம்.

1925இல் துருக்கி அரசு இந்த மடங்களை மூடியது. 1950களில் கோன்யாவில் அதே சுழற்சி பண்பாட்டு நிகழ்ச்சி என்ற பெயரில் மேடையேறியது. அப்புறம் சுற்றுலாக் கூட்டத்துக்காகச் சுருக்கப்படுகிறது என்று யுனெஸ்கோவே கவலைப்படும் நிலைக்கு வந்துவிட்டது. கஃபனுக்குக் கைதட்டுகிறோம், படமும் எடுத்துக்கொள்கிறோம்.

ரூமி வரிகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) பாடம் நடத்திய மார்க்க அறிஞர் அவர். பாட்டுக்குப் பாட்டு குர்ஆன் வசனமும் நபிமொழியும் இழையோடும். பாரசீகம் அறியாதவர்களின் கையில் ஆங்கிலத்துக்குப் போனபோது அவை உதிர்ந்து, கோப்பையில் அச்சிடத் தோதான காதல் மட்டும் தங்கியது. அந்தக் கோப்பையைத்தான் முஸ்லிம் வீடுகளும் இப்போது வாங்கி வைத்திருக்கின்றன.

அதற்காக, கட்டணம் கட்டி வருகிற எல்லோரையும் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அலுவலகமும் நெரிசலும் பிய்த்துத் தின்ற மனிதருக்கு முர்ஷிதை (ஆன்மிக குருவை) தேடி அலைய நேரமும் இல்லை, அவரிடம் பைஅத் (சீடராக உறுதிமொழி) செய்ய தைரியமும் இல்லை. ஜகார்த்தாவில் 1986இல் தொடங்கிய பரமதீனா என்ற அமைப்பு, படித்த நடுத்தர வர்க்கத்தாருக்கு ஓட்டல் அரங்குகளில் வகுப்பு நடத்தியது. இந்தோனேசிய நகரங்களில் இப்படிப்பட்ட வகுப்பில் ருசி கண்டு, பிறகு தரீக்காவைத் தேடிப் போனவர்களும் உண்டு. வாசல் எதுவானால் என்ன, உள்ளே போனார்களே.

ஆகவே முகாம் நடத்துகிறவரிடம் கட்டணம் எவ்வளவு என்று நான் விசாரிக்க மாட்டேன். கடைசி நாள் சாப்பாடு முடிந்ததும் பாத்திரத்தை யார் கழுவுவது என்று கேட்பேன்.